செயின் வாளின் பிரேக் ஹாண்டிலைக் கம்பியால் கட்டாதீர்கள்

மாரி தொடங்க முன்னர் கூரைக்கு மேலே சரிந்து நிற்கும் வேம்பு, பூவரசுக் கொப்புகளை வெட்டவென்று மூலையில் கிடந்த செயின் வாள்கள் வெளியே வரும். அந்த நாட்களில் என்னிடம் திருத்த வருபவற்றில், முன் கைப்பிடிக்கு முன்னால் நிற்கும் பிரேக் ஹாண்டில் உடைந்தவை நிறைய. கொண்டுவருபவர் அதைச் சொல்லமாட்டார். "ஸ்டார்ட் எடுக்குதில்லை அண்ணை, பிளக்கை ஒருக்காப் பாருங்கோ" என்பார். ஹாண்டிலைக் காட்டினால், "உது கையை மறைக்கிற பிளாஸ்டிக்தானே, கம்பியால கட்டி வச்சிருக்கிறன்" என்று பதில் வரும்.

அது கையை மறைக்கும் பிளாஸ்டிக் மட்டுமல்ல, பிரேக்கின் நெம்புகோலும் அதுதான். முன்னுக்குத் தள்ளுப்பட்டவுடன் ஸ்பிரிங் விடுபட்டு, செயினை ஓட்டும் கிளச் டிரம்மைச் சுற்றியிருக்கும் உருக்குப் பட்டியை இறுக்கும். நல்ல வாளில் செயின் 0.15 வினாடிக்குள் நின்றுவிடும். செயின் சுற்றி ஓடும் நீளத் தகடான பாரின் நுனியில் மேற்பாதி மரத்தில் இடித்தால் வாள் கிளம்பி முகத்துக்கு நேரே வரும். அப்போது இடது மணிக்கட்டு ஹாண்டிலில் படவேண்டும். படாவிட்டாலும், வாள் உதறும் வேகத்தில் ஹாண்டிலின் சொந்த எடையே பிரேக்கை விழுத்தும், அதாவது இறுக்கும். இரும்புக் கம்பியை வெல்ட் பண்ணி ஹாண்டில் செய்பவர்கள் மறப்பது இதைத்தான். எடை மாறினால் விழும் கணக்கும் மாறும்.

எங்கள் மரங்களை நம்பவும் ஏலாது. பழைய பனைகளுக்குள் யுத்தகாலத்து எறிகணைச் செல் துண்டு இன்னும் கிடக்கிறது. வெளியே பட்டை மூடியிருக்கும், உள்ளே இரும்பு.

உடைவதற்குக் காரணம் அநேகமாக லான்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) பெட்டிதான். குற்றிகளுக்கு நடுவே வாளையும் எறிந்து ஏற்றுவது, இறக்கும்போது ஹாண்டிலில் பிடித்துத் தூக்குவது.

ஹாண்டிலை மாற்றுவதற்கு முன் பிளக் வயரைக் கழற்றுங்கள், கண்ணாடி போடுங்கள். சில வாள்களில் பிரேக் முழுவதும் பக்க மூடிக்குள் இருக்கும். அந்த மூடியைப் பிரேக் விட்ட நிலையில் (ஹாண்டில் பின்னுக்கு இழுபட்டிருக்க) கழற்றி, விட்ட நிலையிலேயே பூட்டவேண்டும். பிரேக் விழுந்திருந்தால் பட்டி சுருங்கி, டிரம்மில் ஏறாது. வேறு வாள்களில் பிரேக் எஞ்சின் உடம்போடு இருக்கும். டிரம்மைக் கழற்றவேண்டும், சிலவற்றில் கிளச்சையும். கிளச் பெரும்பாலும் இடது மரை. வழக்கம்போல் திருப்பினால் இன்னும் இறுகும். இரண்டிலும் ஆபத்து அந்தச் சின்ன ஸ்பிரிங்தான். மூடியைத் தூக்கும்போது மேலே தடித்த துணி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் எங்கே பறந்தது என்று மேசைக்குக் கீழே தேடவேண்டும், அதுவும் கண்ணில் அடிக்காமல் போனால்.

திறந்தவுடன் பனந்தும்பும் ஒயிலும் சேர்ந்து கறுப்புக் களியாக இருக்கும். செயினுக்குக் கழிவு ஒயில் விடுபவர்களின் வாளில் இது இரட்டிப்பு. தூரிகையால் சுத்தம் செய்யுங்கள். அசையும் மூட்டில் துளி கிறீஸ் போதும், பட்டியில் ஒரு பொட்டும் படக்கூடாது. பட்டியின் தேய்ந்த இடத்தையும் அளந்து பாருங்கள். ஹஸ்க்வர்ணா கம்பெனியின் கையேடு 0.6 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது என்கிறது. 2019இல் இலங்கை அரசாங்கம் செயின் வாள்களைப் பதியச் சொன்னபோது எடுத்த பதிவுத் துண்டைப் பத்திரமாக வைத்திருக்கும் ஆட்கள்கூட, இந்தப் பட்டியை ஒருநாளும் பார்த்ததில்லை.

புது ஹாண்டில் வாங்கப் போகும்போது உடைந்த துண்டையும் மொடல் எண்ணையும் கொண்டுபோங்கள். வெளித்தோற்றம் ஒன்றாக இருக்கும், ஓட்டை மாறியிருக்கும்.

பூட்டியபின் எஞ்சின் நிற்க, ஹாண்டிலை முன்னே தள்ளுங்கள். கையுறை போட்ட கையால் இழுத்தால் செயின் அசையக்கூடாது. பிரேக்கை விட்டு, வாளை ஒரு மரக்குற்றிக்கு மேலே பிடித்து, பின் கைப்பிடியை மட்டும் வைத்துக்கொண்டு முன் கையை விடுங்கள். நுனி குற்றியில் அடிபட்டதும் பிரேக் தானாக விழவேண்டும். கடைசியாக எஞ்சினை ஓடவிட்டு, முழு வேகத்தில், முன் கைப்பிடியை விடாமலே மணிக்கட்டால் ஹாண்டிலைத் தள்ளுங்கள். செயின் உடனே நிற்கவேண்டும், நின்றதும் அக்சிலரேட்டரை விட்டுவிடுங்கள். பிடித்துக்கொண்டிருந்தால் கிளச் எரியும். ஹாண்டில் புதிதாக இருந்தும் செயின் இழுபட்டுத்தான் நிற்கிறது என்றால் பட்டியோ ஸ்பிரிங்கோ முடிந்துவிட்டது. அவற்றையும் மாற்றும்வரை அந்த வாளுக்கு வேலை கொடுக்கவேண்டாம்.