போக்கர் சில்லு அல்ல, வில்லை

'தனிப்பயனாக்கப்பட்ட போக்கர் சில்லுகள்' என்ற தொடரை இன்னும் எத்தனை இடத்தில் படிக்க வேண்டியிருக்குமோ தெரியவில்லை. வீட்டில் நண்பர்களோடு சீட்டாட, தன் பெயரோ ஏதாவது சின்னமோ போட்டு ஒரு செட் செய்து வாங்கலாமே என்று தமிழில் தேடுகிறவர் முதலில் முட்டிக்கொள்வது இதில்தான். போக்கர் என்பது ஒரு சீட்டாட்டத்தின் பெயர், அது இருந்துவிட்டுப் போகட்டும். மற்ற இரண்டு சொல்லும் பிழை. அதிலும் 'சில்லு' பார்ப்பதற்குச் சுத்தமான தமிழாக இருப்பதால் யாரும் சந்தேகப்படாமல் தப்பித்துக்கொண்டிருக்கிறது.

சில்லு என்பது ஆங்கிலச் 'சிப்'பின் பெயர்ப்பு. ஆங்கிலத்தில் சிப் என்றால் செதுக்கும்போது தெறிக்கும் துண்டு. மரத்திலிருந்தோ கல்லிலிருந்தோ பெயர்ந்து வருவது. ஆட்டத்தில் பணத்துக்குப் பதிலாக வைக்கும் வட்டத்துக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது 1840 வாக்கில். மின்னணுச் சிப் அதற்கும் நூறாண்டுக்கு மேல் கழித்து, 1960களில். அவ்வளவுதான் வரலாறு.

சில்லு நல்ல சொல்தான். ஓட்டாஞ்சில்லு, கண்ணாடிச் சில்லு, தேங்காய்ச் சில்லு என்று எங்கே வந்தாலும், ஒன்று உடைந்து அதிலிருந்து பிரிந்த துண்டு என்ற பொருள் உள்ளே இருக்கிறது. மின்னணுச் சிப்பைச் சில்லு என்று சொன்னவர்களையும் நான் குறை சொல்லமாட்டேன். சிலிக்கான் தகடு ஒன்றில் நூற்றுக்கணக்கில் சுற்றுகளைப் பதித்து, பிறகு அதைக் கட்டம் கட்டமாக அறுத்துத்தானே அதை எடுக்கிறார்கள்? அது உண்மையிலேயே சில்லு.

போக்கர் ஆட்டத்தில் வைப்பது எதிலிருந்தும் உடைந்ததல்ல. அச்சில் இட்டு அழுத்தியோ, பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றியோ செய்வது. விட்டம் பொதுவாக 39 மில்லிமீட்டர். ஒன்றுக்கொன்று மயிரிழை வித்தியாசம் இருக்கக்கூடாது, இருந்தால் இருபதை அடுக்கிவைத்து உயரத்தை வைத்து எண்ண முடியாது. ஒழுங்கையே குணமாகக் கொண்ட ஒரு பொருளுக்கு உடைந்த துண்டின் பெயரை வைத்திருக்கிறோம். ஆங்கிலக்காரன் வைத்தான் என்றால் அது அவன் மொழியின் பழக்கம், நாம் ஏன் அந்தப் பழக்கத்தையும் சேர்த்துப் பெயர்க்க வேண்டும்?

இதனால் வரும் குழப்பங்கள் கொஞ்சநஞ்சமல்ல. பெரிய சூதாட்டக் கூடங்களில், போலியைக் கண்டுபிடிக்க இவற்றுக்குள்ளேயே ஒரு மின்னணுச் சிப்பைப் பதித்துவைப்பது உண்டு. அதைத் தமிழில் எழுதினால் 'சில்லுக்குள் சில்லு'. ஈழத்தமிழில் சில்லு என்றால் சக்கரம். ரூலெட் என்ற சூதாட்டத்தின் மேசையில் சுழலும் சக்கரமும் உண்டு, அதில் பந்தயம் கட்ட வைக்கும் வட்டங்களும் உண்டு, எனவே 'ரூலெட் சில்லு' என்று ஒருவர் எழுதினால் யாழ்ப்பாணத்துக்காரர் ஒன்றை நினைப்பார், மதுரைக்காரர் இன்னொன்றை நினைப்பார், இரண்டு பேரும் தாங்கள் நினைத்ததுதான் சரி என்று இருப்பார்கள். அப்புறம் 'களிமண் சில்லு'. களிமண் கலவையில் செய்ததை வாங்க நினைப்பவர் தமிழில் அப்படித் தட்டச்சிட்டால் அதற்கு ஓட்டாஞ்சில்லு என்றுதான் பொருள்! இதற்கெல்லாம் மேலே ஒன்று படித்தேன்: மேசையின் நடுவில் சேரும் மொத்தப் பந்தயத்தை, ஆங்கிலத்தில் அதற்குப் 'பாட்' என்று பெயர் என்பதால், 'பானை' என்று பெயர்த்திருந்தார்கள். 'வென்றவர் பானையில் உள்ள சில்லுகளை எடுத்துக்கொள்வார்.' பானை உடைந்துபோய்விட்டது போலிருக்கிறது.

மற்ற மொழிக்காரர்கள் என்ன செய்தார்கள் என்று பார்க்கலாம். பிரெஞ்சில் இதற்கு ஜெட்டோன் என்று பெயர், எறிதல் என்ற வினையிலிருந்து வந்தது. பழைய கணக்கர்கள் கோடிட்ட பலகையில் வட்டங்களைப் போட்டுப் போட்டுக் கணக்குப் பார்த்தார்கள், அந்தக் கணக்கு வட்டம்தான் பிறகு ஆட்ட மேசைக்கு வந்தது. ஜெர்மனும் அதையே எடுத்துக்கொண்டது. ஸ்பானியத்தில் ஃபிச்சா. ஆங்கிலத்திலேயே சிப் வருவதற்கு முன் கவுன்டர் என்றுதான் சொன்னார்கள், எண்ணப் பயன்படுவது என்று பொருள். இன்றும் அமெரிக்கச் சூதாட்டக் கூடங்களில் வேலை செய்கிறவர்களில் பலர், மதிப்பு அச்சிட்டதைச் 'செக்' என்றும், மதிப்பு அச்சிடாமல் நிறத்தை மட்டும் வைத்து ஆடுவதைச் 'சிப்' என்றும் பிரித்துச் சொல்கிறார்கள். அதாவது தொழில்காரனே துண்டு என்ற பொருளை நம்பி உட்காரவில்லை. நாம் மட்டும் அகராதியின் முதல் வரியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறோம்.

ஒலியை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் என்ன ஆகும் என்பதற்கு ஆங்கிலத்திலேயே பழைய சாட்சி உண்டு. பிரெஞ்சில் ஆட்டக் கணக்குக்கு வைக்கும் துண்டுக்கு ஃபீஷ் என்றும் ஒரு பெயர். ஆங்கிலேயர் காதில் அது ஃபிஷ் என்று விழ, மீன் என்றே சொல்லி, கடைசியில் மீன் வடிவத்திலேயே செய்தும் விட்டார்கள். 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியச் செல்வக் குடும்பங்கள் சீனாவின் கான்டன் துறைமுகத்துக்கு ஆர்டர் அனுப்பி, முத்துச்சிப்பி ஓட்டில் தங்கள் குலச்சின்னத்தைச் செதுக்கி வரவழைத்துக்கொண்ட ஆட்டத் துண்டுகளில் வட்டம், நீள்வட்டம், நீள்சதுரத்தோடு மீனும் உண்டு. இன்றைக்கு ஒருவர் தன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டுச் செட் வாங்குவதற்கு முன்னோடி அதுதான். (சிப்பியில் செய்ததால்தான் சிப் என்று பெயர் வந்தது, ஆகவே அது தமிழ்ச்சொல் என்று யாராவது கிளம்புவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: இல்லை. சிப்பி வேறு, சிப் வேறு. ஒலி ஒத்துப்போனதெல்லாம் உறவு என்றால் மொழியியலே வேண்டாம்.)

சரி, சில்லு வேண்டாம் என்பவர்கள் அடுத்து நீட்டுவது 'காசு'. பந்தயக்காசு, ஆட்டக்காசு, சூதுக்காசு என்று பல வடிவம். இதற்கு ஆதரவாளர்கள் அதிகம், அதனால் இதோடு கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. வட்டமாக இருக்கிறது, எண் போட்டிருக்கிறது, எனவே காசு என்கிறார்கள். ஆனால் இந்தப் பொருளை மேசையில் வைப்பதே காசுக்குப் பதிலாகத்தான்! காசை வாங்கி உள்ளே வைத்துவிட்டு அதற்கு ஈடாகக் கொடுப்பது இது. 'காசைக் கொடுத்துக் காசு வாங்கினான்' என்று எழுதினால் என்ன புரியும்? போக்கரில் இரண்டு வகை ஆட்டம் உண்டு என்பதையும் பார்க்க வேண்டும். ஒன்றில் நீங்கள் கொடுத்த பணம் எவ்வளவோ அவ்வளவுக்கு வட்டங்கள் கிடைக்கும், எப்போது வேண்டுமானாலும் எழுந்து மாற்றிக்கொள்ளலாம். போட்டி ஆட்டத்தில் அப்படியில்லை. எல்லோருக்கும் ஒரே அளவு தருவார்கள்: 25 எட்டு, 100 எட்டு, 500 நான்கு, 1000 இரண்டு என்று ஆளுக்கு 5000. இது வெறும் புள்ளிக் கணக்கு. பத்துப் பேரிடமிருந்தும் வாரிச் சுருட்டி 50,000 வைத்திருப்பவருக்கு அத்தனை பணம் யாரும் தரப்போவதில்லை, பரிசு என்னவோ அதுதான். நுழைவுக் கட்டணமே இல்லாமல், சும்மா பொழுதுபோக்குக்கு ஆடுகிறவர்களும் உண்டு. அங்கே போய் 'அவரிடம் ஐம்பதாயிரம் காசு இருக்கிறது' என்றால் கேட்கிறவர் பதறிப்போவார். 'ஒத்தைக் காசு வைக்காமல் ஆடுகிறோம்' என்று வீட்டில் சொல்லவும் முடியாது, காசுதான் மேசை நிறையக் கிடக்கிறதே.

சிலர் 'காய்' என்கிறார்கள். சதுரங்கக் காய், தாயக் காய் என்று ஆட்டத்தோடு ஒட்டிய சொல்தான். காய் என்பது நகர்வது, அது எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதில் அதன் உயிர் இருக்கிறது. இங்கே எங்கே நிற்கிறது என்பது ஒரு பொருட்டே இல்லை, எவ்வளவு என்பதுதான் கேள்வி. டோக்கன் என்றால் வரிசையில் நிற்கிற நினைவுதான் வருகிறது. 'சிப்ஸ்' என்று அப்படியே எழுதினால் கொறிக்கத் தோன்றும்.

வில்லைதான் சரி. மெல்லிய, தட்டையான, வட்டத் துண்டுக்கு நம்மிடம் இருக்கும் சொல் அது. கற்பூர வில்லை, மருந்து வில்லை எல்லாம் வடிவத்தால் வந்தவை. எனக்கு முக்கியம் அதுவல்ல. அந்தக் காலத்து அலுவலக ஏவலாள் இடுப்பிலோ வாரிலோ அணிந்த அடையாளத் தகட்டுக்கு வில்லை என்று பெயர், அதனால்தான் அவருக்கு வில்லைச் சேவகன் என்று பேர் வந்தது. தபால் தலையை அஞ்சல் வில்லை என்றும் சொல்கிறோம். தகட்டுக்கும் தாளுக்கும் சொந்தமாகப் பெரிய விலை கிடையாது, அவை வேறொன்றுக்காக நிற்கின்றன: ஒன்று அதிகாரத்துக்கு, மற்றது கட்டிய பணத்துக்கு. போக்கர் மேசையில் நடப்பதும் இதேதான். வடிவமும் பொருந்துகிறது, வேலையும் பொருந்துகிறது. இன்னும் என்ன வேண்டும்?

எதிர்ப்பும் உண்டு, மறைக்கவில்லை. லென்சுக்கும் வில்லை என்கிறார்களே என்பது ஒன்று. சீட்டு மேசையில் லென்சு எதற்கு வரப்போகிறது, அதை விடுங்கள். இன்னொன்று கொஞ்சம் வலுவானது. தமிழில் வில்லை என்று முடிவது எதிர்மறை வினை. 'ஆட்ட வில்லை' என்று ஒருவர் ஆக்கிவைத்தார், அதைச் சேர்த்து எழுதினால் 'ஆட்டவில்லை', பிழைதிருத்துகிறவர் ஒரு எழுத்தைக் குறைத்தால் 'ஆடவில்லை'. ஆடுவதற்கு வாங்கியதை ஆடவில்லை என்று எழுதலாமா? அதனால் முன்னொட்டாக எதையாவது போட வேண்டுமென்றால் 'பணய வில்லை' என்று போடுங்கள். பணயம் என்றால் ஆட்டத்தில் ஈடாக வைப்பது என்று பழைய பொருளே இருக்கிறது, செய்தித்தாள்கள் அதைக் கைதிகளுக்கு மட்டும் ஒதுக்கிவைத்துவிட்டன. சூழல் தெளிவாக இருந்தால் வெறும் வில்லையே போதும்.

இனி அந்தத் 'தனிப்பயனாக்கப்பட்ட'. இதை யார் முதலில் உருட்டிவிட்டார்களோ. ஒருவரின் விருப்பத்துக்கு ஏற்பச் செய்து தருவதற்குத் தமிழில் 'சொல்லிச் செய்தது' என்று சொல்வார்கள். நகையைச் சொல்லிச் செய்கிறோம், கட்டிலைச் சொல்லிச் செய்கிறோம், வில்லையை மட்டும் தனிப்பயனாக்குவானேன்? 'சொல்லிச் செய்த வில்லைகள்' என்றால் பத்து வயதுப் பிள்ளைக்கும் புரியும். மொழிபெயர்ப்பாளர்களிடம் எனக்குள்ள மனக்குறையே இதுதான். எதிரே இருக்கும் ஆங்கிலச் சொல்லைப் பார்க்கிறார்கள், அதற்குப் பின்னால் இருக்கும் பொருளை ஒருமுறை கையில் எடுத்துப் பார்ப்பதில்லை. இப்போது பாதி வேலையை இயந்திரம் செய்கிறது, அதைத் திருத்துவதற்கு இருக்கிற மனிதரும் இயந்திரத்தைப் போலவே எழுதப் பழகிக்கொண்டார்.

ஆர்டர் கொடுக்கும்போது வரும் மற்றச் சொற்களிலும் இதே கூத்து. ஒவ்வொரு வில்லையிலும் போடும் எண்ணுக்கு 'முகமதிப்பு' என்ற அருமையான சொல் ரூபாய் நோட்டிலிருந்தே கிடைக்கிறது. ஆனால் ஓரிடத்தில் 'மதப்பிரிவைத் தேர்ந்தெடுக்கவும்' என்று போட்டிருந்தார்கள்! ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'டினாமினேஷன்' என்று ஒரே சொல் என்பதால் வந்த வினை. ஓரத்தில் வரும் நிறத் துண்டுகளை 'விளிம்புப் புள்ளி' என்கிறார்கள். அது புள்ளியே அல்ல, ஒரு முகத்தில் தொடங்கி ஓரத்தைத் தாண்டி மறுமுகம் வரை போகும் பட்டை. விளிம்புப் பட்டை என்றால்தான் அது எதற்கு இருக்கிறது என்றும் புரியும்: அடுக்கிவைத்தபின் முகம் தெரியாது, பட்டையைப் பார்த்துத்தான் எது எவ்வளவு, நடுவில் வேறு வில்லை கலந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க வேண்டும். எனவே சொல்லிச் செய்கிறவர்கள் நிறத்தை மட்டும் மாற்றிவிட்டு எல்லா மதிப்புக்கும் ஒரே பட்டை அமைப்பை வைத்தால், வெளிச்சம் குறைந்த அறையில் நீலமும் கறுப்பும் ஒன்றாகிவிடும். இருபது வில்லை கொண்ட தூணைப் 'பீப்பாய்' என்று பெயர்த்ததையும் பார்த்தாயிற்று. அடுக்கு என்றால் போதாதா?

'பீங்கான் வில்லை' என்று ஒரு வகையைச் சொல்கிறார்கள், அதில் தமிழ்மேல் தப்பில்லை. ஆங்கிலமே பொய் சொல்கிறது, உள்ளே இருப்பது ஒருவகைப் பிளாஸ்டிக். முகம், ஓரம் முழுவதும் படம் அச்சிட முடியும் என்பதால் சொல்லிச் செய்கிறவர்கள் பெரும்பாலும் இதைத்தான் எடுக்கிறார்கள். 'முழு அச்சு வில்லை' என்று சொல்லிவிட்டால் வாங்குகிறவருக்கும் தெளிவு. மலிவான செட்டுகளில் 'களிமண், 11.5 கிராம்' என்று போட்டு வருவதும் பெரும்பாலும் நடுவில் இரும்புத் தகடு வைத்த பிளாஸ்டிக்தான். உண்மையான களிமண் கலவை அதைவிட எடை குறைவு.

ஒன்று மட்டும் மிச்சம். மிகப் பெரிய தொகைக்குச் சில கூடங்களில் செவ்வகமாக ஒன்று தருவார்கள். அது வட்டமில்லை, அதைப் போய் வில்லை என்று நான் சொல்லமாட்டேன். பணயத் தகடு என்று எழுதி வருகிறேன், இதைவிட நல்லது யாரிடமாவது இருந்தால் மாற்றிக்கொள்ளத் தயார். 'செவ்வகச் சில்லு' என்று மட்டும் வந்துவிடாதீர்கள்.