473 என்றால் எவ்வளவு?

கிட்டார் சத்தத்தைக் கரகரப்பாக்கும் ட்யூப் ஸ்க்ரீமர் வகைப் பெடல் வாங்கிய வியாசர்பாடி, பெரம்பூர்ப் பையன்கள் பல பேர் சொல்லும் குறை ஒன்றுதான்: "சவுண்டு மெலிசா இருக்கு, பேஸே இல்ல." ஒரே ஒரு கெப்பாசிட்டரை, அதாவது கண்டன்சரை, மாற்றினால் இது சரியாகும். சர்க்யூட் படத்தில் அது 0.047 மைக்ரோஃபாரட். வேறொரு படத்தில் 47என். பெடலைத் திறந்தால் இரண்டுமே இல்லை, 473 என்றிருக்கிறது. மூன்றும் ஒரே சமாச்சாரம்.

முதல் இரண்டு இலக்கத்தை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, பின்னால் எத்தனை சைபர் என்று சொல்கிறது. வருகிற தொகை பிகோஃபாரடில். ஆக 473 என்பது 47,000 பிகோ. ஆயிரம் பிகோ ஒரு நானோ, ஆயிரம் நானோ ஒரு மைக்ரோ. அப்போது 47 நானோ, அதாவது 0.047 மைக்ரோ. 4என்7 என்றிருந்தால் 4.7 நானோ, ஜெராக்ஸில் புள்ளி அழிந்து 47 ஆகிவிடக் கூடாதே என்று புள்ளி இருக்கும் இடத்தில் எழுத்தை வைத்துவிட்டார்கள். நல்ல வேலை.

கவிழ்க்கிற இடங்களும் உண்டு. 100 என்று போட்டிருந்தால் அது 10 பிகோ. 100 பிகோவுக்கு 101. சின்ன வட்டு செராமிக்கில் வெறும் 47 என்றிருந்தால் 47 பிகோதான். 104கே என்பதில் உள்ள 'கே' கிலோ இல்லை, மதிப்பு 10 சதவீதம் கூடக் குறைய இருக்கலாம் என்று பொருள். ஜே என்றால் 5, எம் என்றால் 20. முன்னால் 2ஏ இருந்தால் 100 வோல்ட் வரை தாங்கும். 9 வோல்ட் பெடலுக்கு அது தாராளம். எலக்ட்ரோலிட்டிக்கில் இந்தக் கணக்கே வேண்டாம், ஃபேன் கண்டன்சரில் 2.5 எம்எஃப்டி (மைக்ரோஃபாரட்) என்று இருப்பதுபோல நேராகவே எழுதியிருக்கும். கோடு போட்ட பக்கம் மைனஸ்.

எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் கேட்கும்போதும் இதே கதைதான்.

"அண்ணா, பாயிண்ட் நாட் ஃபோர் செவன் இருக்கா?"

"ஃபோர் செவன் த்ரீயா? எத்தினி பீஸுப்பா?"

சரி, மாற்றினால் என்ன ஆகிறது? அந்த 473, ஒரு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரோடு தொடராக நிற்கிறது. இரண்டும் சேர்ந்து சுமார் 720 ஹெர்ட்ஸில் எல்லை போடுகின்றன. அதற்குக் கீழே போகப் போக கெயின், அதாவது சத்தத்தைப் பெருக்கும் அளவு, குறையும். கிட்டாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸில் அதிர்கிறது, அதனால்தான் அடி வாங்குகிறது. 104 போட்டால் எல்லை 340-க்கு இறங்கும். எல்லோரும் 104-ஐத்தான் சிபாரிசு செய்வார்கள். ஆனால் கானாக் கச்சேரியில் டோலக்கும் கீபோர்டு பேஸும் ஏற்கெனவே கீழே நிரம்பிக் கிடக்கும். அங்கே 104 கொழகொழவென்றாகிவிடும். என்னைக் கேட்டால் 683 போதும், எல்லை 500 பக்கம் வரும்.

சந்தேகமிருந்தால் உருண்டைப் பின் ஐசி சாக்கெட்டிலிருந்து இரண்டு குழியை வெட்டி அந்த இடத்தில் பற்றவைத்துவிடுங்கள். 473, 683, 104 மூன்றையும் மாற்றி மாற்றிச் செருகி, ஆம்பில் போட்டுக் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம்.