புரோட்டோகால்: முதலில் ஒட்டிய தாள்

அமைச்சர் வரும் விழாவில் யாருக்கு எந்த நாற்காலி என்பதும் புரோட்டோகால்தான், இரண்டு கணினிகள் எந்த ஒழுங்கில் பேசிக்கொள்வது என்பதும் புரோட்டோகால்தான். ஆனால் சொல் பிறந்தது பசைச் சட்டிக்கு அருகில்.

கிரேக்க மொழியில் 'புரோட்டோஸ்' என்றால் முதல், 'கொல்லா' என்றால் பசை. பாப்பிரஸ் என்ற பழங்காலக் கோரைத் தாளின் சுருளில், முகப்பில் ஒட்டிய முதல் தாளே 'புரோட்டோகொல்லோன்'. சுருள் யாருடைய பொறுப்பில், எப்போது தயாரானது என்ற விவரம் அந்தத் தாளில் இருக்கும். 6ஆம் நூற்றாண்டில் பேரரசர் ஜஸ்டினியன், கான்ஸ்டான்டினோப்பிளின் பத்திர எழுத்தர்கள் அதை வெட்டி எடுக்கக் கூடாது என்று சட்டமே போட்டார். போலிப் பத்திரம் அன்றைக்கும் தலைவலிதான்! பின்னர் இலத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல், பத்திரத்தின் மூலப்படி, பேச்சுவார்த்தைக் குறிப்பு, தூதரக நடைமுறை என்று பொருள் மாறியது. 1967இல் பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் ரோஜர் ஸ்கேன்டில்பரியும் கீத் பார்ட்லெட்டும் எழுதிய குறிப்பொன்று அதைக் கணினி வலையமைப்புக்கு அழைத்து வந்தது.

இணையத்தில் போகும் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்துக்கும் முன்னால் ஒரு தலைப்பகுதி உண்டு. பொட்டலங்களை முகவரி பார்த்து அனுப்பும் புரோட்டோகாலான ஐபியின் (IP) நான்காம் பதிப்பில் அது குறைந்தது 20 பைட். முதல் 4 பிட்டுகள் பதிப்பு எண், பிறகு நீளம், அனுப்புநர், பெறுநர். அதே பழைய முதல் தாள், பசைதான் இல்லை.

ஐபியின் மேல் இரண்டு கணினிகளுக்கிடையே இணைப்பை ஏற்படுத்தித் தருவது டிசிபி (TCP) என்ற புரோட்டோகால். அதன் மேல் சொந்தமாக ஒரு புரோட்டோகாலை வகுப்பவர்கள் இந்தத் தாளைத்தான் மறந்துவிடுகிறார்கள். டிசிபி தருவது பைட்டுகளின் ஓட்டம் மட்டுமே. ஒரே வீச்சில் அனுப்பியது இரண்டு துண்டாகவும் வரலாம், அடுத்த செய்தியோடு சேர்ந்தும் வரலாம். செய்தி எங்கே முடிகிறது என்பதை, நீளத்தை முன்னால் எழுதியோ முடிவுக்குறி வைத்தோ, நாம்தான் சொல்ல வேண்டும்.

புரோட்டோகாலுக்குத் தமிழில் 'நெறிமுறை' நிலைத்துவிட்டது. 'ஊடக நெறிமுறை' என்னும்போது அறம் பற்றிய பேச்சாகிவிடுகிறதே என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. நியாயம்தான், ஆனாலும் நான் அதை விடமாட்டேன். நெறி என்றால் வழி. முறை என்றால் ஒழுங்கு மட்டுமா? 'இப்போது உன் முறை' என்கிறோமே! டிசிபி இணைப்பு தொடங்கும்போது ஒருவர் அழைக்கிறார், மற்றவர் ஏற்றுத் தாமும் அழைக்கிறார், முதலாமவர் அதை ஏற்கிறார். மூன்று செய்தியிலும் யார் முறை என்பதே பேச்சு. 'விதி'யில் இது இல்லை. ஒருவர் போட மற்றவர் பணிவது விதி.

என் ஆவணங்களில் தலைப்பில் ஒரு தடவை 'தொடர்பு நெறிமுறை' என்று எழுதிவிட்டு, உள்ளே 'நெறிமுறை' என்று சுருக்கிக்கொள்கிறேன்.