ஆற்றில் தப்பிய ஏடுகள், மேசையில் பட்ட காயங்கள்

கோடை விடுமுறையில் பூர்வீக வீட்டுப் பரணைச் சுத்தம் செய்பவர்கள், மஞ்சள் பைக்குள் ஒரு பழைய நோட்டை வைத்துக்கொண்டு எங்கள் பட்டறைக்கு வருவார்கள். கப்பலேறிப் பினாங்குக்குப் போன தாத்தாவின் குறிப்பேடாக அது இருக்கும், அல்லது ரயிலில் காசிக்குப் போய்வந்த கொள்ளுப்பாட்டனார் நாள்தோறும் எழுதிய செலவுக் கணக்காக இருக்கும். காகித ஆவணங்களைச் செப்பனிடும் தொழிலில் நெடுநாள் இருப்பவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல முடியும்: இப்படி வருகிற ஏடுகளில், பயணத்தின்போது நேர்ந்த சேதம் பெரும்பாலும் அற்பமானது. ஓர் ஓரத்தில் தண்ணீர்க் கறை இருக்கும், ஒரு பக்கத்தில் எண்ணெய் விரல் பதிந்திருக்கும். கண்ணில் அடிக்கிற காயங்கள் எல்லாம் அந்த ஏடு வீடு திரும்பிய பிறகு, அதன்மேல் அன்பு வைத்தவர்களின் கையால் பட்டவை. கிழிசலில் செலோடேப் ஒட்டியிருப்பார்கள், மங்கிய எழுத்தின்மேல் நீலப் பால்பாயிண்ட் பேனாவை ஓட்டியிருப்பார்கள், ஜெராக்ஸ் கடையில் கொடுத்து லேமினேஷன் செய்திருப்பார்கள்.

இதைக் கேட்டு வருத்தப்படுகிறவர்களுக்கு நான் லூயிஸ், கிளார்க் இருவரின் பயணக் குறிப்பேடுகளைப் பற்றிச் சொல்வது வழக்கம். உலகத்தில் மிகக் கவனமாகப் பேணப்படும் கையெழுத்துப் பயணக் குறிப்புகளில் அவையும் சில. அவற்றின் உடம்பிலும் இதே வகைக் காயங்கள் உண்டு. ஒவ்வொரு காயத்தையும் யார் எப்போது ஏற்படுத்தினார் என்பதற்குப் பதிவும் பெரும்பாலும் இருக்கிறது.

மிசௌரி ஆற்றின் வழியே மேற்கே சென்று பசிபிக் கரையை எட்டும் வழியைக் கண்டுவரும்படி, அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தாமஸ் ஜெஃபர்சன் தம் செயலாளராக இருந்த மெரிவெதர் லூயிஸையும், அவருடன் தலைமையைப் பகிர்ந்துகொண்ட வில்லியம் கிளார்க்கையும் அனுப்பினார். 1803 ஜூன் 20ஆம் நாளிட்ட அவருடைய கட்டளைக் கடிதத்தை ஆவணப் பாதுகாப்பின் முதல் பாடமாகவே வாசிக்கலாம். குறிப்புகளை மற்றவர்களுக்கும் விளங்கும்படி தெளிவாக எழுத வேண்டும், ஓய்வு நேரத்தில் அவற்றைப் பல படிகள் எடுத்து நம்பிக்கையான ஆட்களிடம் பிரித்துக் கொடுக்க வேண்டும், சாதாரணக் காகிதத்தைவிட ஈரத்தைத் தாங்கும் என்பதால் ஒரு படியைப் பிர்ச் மரப்பட்டையில் எழுதலாம் என்று அதில் சொல்லியிருந்தார். இமயமலைப் பகுதியில், பிர்ச் இனத்தைச் சேர்ந்த பூர்ஜ மரத்தின் பட்டையில் எழுதிய சுவடிகளைப் பற்றிக் கேள்விப்பட்ட நமக்கு அந்த யோசனை வியப்பாக இராது.

1804 மே மாதம் புறப்பட்ட குழு 1806 செப்டம்பர் 23 அன்று செயின்ட் லூயிஸ் திரும்பியது. இடைப்பட்ட காலத்தில் அந்த ஏடுகள் பட்ட பாடு கொஞ்சமன்று. 1805 மே 14 அன்று திடீர்க் காற்றில் ஒரு பெரிய படகு சாய்ந்து தண்ணீரை வாரிக்கொண்டது. காகிதங்களும் கருவிகளும் மருந்துகளும் இருந்த படகு அது. மிதந்து போகத் தொடங்கிய பொருள்களைப் பதறாமல் எட்டிப் பிடித்து மீட்டவர், மூன்று மாதக் கைக்குழந்தையுடன் அந்தப் படகில் இருந்த சகாகவேயா என்ற ஷோஷோனி இனப் பெண். அதே ஆண்டு ஆகஸ்டு 21 அன்று மலையடிவாரக் குளிரில், பேனாவிலேயே மை உறைகிறது என்று லூயிஸ் எழுதுகிறார். பின்னாளில் 1816இல் எழுதிய ஒரு கடிதத்தில் ஜெஃபர்சன், லூயிஸின் சிறிய தோலட்டைப் புத்தகங்கள் ஒவ்வொன்றும் தனித்தனித் தகரப் பெட்டியில், நீர் புகாதபடி அடைத்து வைக்கப்பட்டிருந்ததை நினைவுகூர்கிறார். ஆறும் பனியும் மலையும் அந்த ஏடுகளை அழிக்கவில்லை.

அவை ஊர் வந்து சேர்ந்த பிறகுதான் சிக்கல் தொடங்கியது. நூலை அச்சிடாமலே 1809 அக்டோபரில் லூயிஸ் இறந்தார். ஏடுகள் கிளார்க் வழியாகப் பிலடெல்ஃபியாவின் நிக்கலஸ் பிடிலிடம் சென்றன. அவர் அவற்றை உருக்கிச் சீரான ஒரே கதையாக்கி, 1814இல் இரண்டு தொகுதிகளாக வெளிவரச் செய்தார். பயனுள்ள வேலைதான், ஆனால் அவர் தம் குறிப்புகளைச் சிவப்பு மையில் மூலத்தின் வரிகளுக்கு இடையிலேயே எழுதினார். 1818இல் ஏடுகள் அமெரிக்கத் தத்துவக் கழகத்தின் காப்புக்கு வந்து எழுபது ஆண்டுகளுக்கு மேல் அமைதியாக உறங்கின. 1892இல் பறவையியல் அறிஞர் எலியட் கௌஸ் அவற்றைக் கடனாக வாங்கி, வரிசைப்படுத்திப் பக்க எண்ணிட்டு, ஒவ்வோர் ஏட்டுக்கும் ஓர் ஆங்கில எழுத்தைப் பெயராக வைத்தார். அந்த வரிசைமுறைக்கு ஆய்வாளர்கள் இன்றும் நன்றி சொல்கிறார்கள். அதே கௌஸ், தமக்குத் தவறாகத் தோன்றிய இடங்களில் மூலத்தின்மேலேயே திருத்தமும் எழுதினார். ஏட்டை நன்கு மதித்த ஓர் அறிஞர் செய்தது இது.

1983 முதல் 2001 வரை கேரி மோல்டன் 13 தொகுதிகளாகக் கொண்டுவந்த பதிப்பைத் திறந்தால் இதன் விலை தெரியும். எந்தச் சொல் பயணியுடையது, எது பிடிலுடையது, எது கௌஸுடையது என்று பிரித்துக் காட்ட, பக்கந்தோறும் அடைப்புக்குறிக்குள் அவரவர் பெயரின் முதலெழுத்தைப் போட்டிருக்கிறார். இன்னாருடையது என்று சொல்ல முடியாத கைக்கு 'எக்ஸ்' என்ற குறி. வீட்டு நோட்டில் மங்கிய எழுத்தின்மேல் பேனா ஓட்டுகிற பேரப்பிள்ளை, தன்னை அறியாமலே அந்த 'எக்ஸ்' ஆகிவிடுகிறான்.

அச்சில் வந்துவிட்டதே, மூலம் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அதே குழுவில் இருந்த பேட்ரிக் காஸ் என்ற சார்ஜென்டின் குறிப்புகள்தாம் முதலில், 1807லேயே, புத்தகமாக வெளிவந்தன. அச்சிட்டவர் அந்தத் தச்சுத் தொழிலாளியின் மொழியைத் தம் விருப்பப்படி செம்மையாக்கினார். மூல ஏடு பிறகு காணாமற்போனது. இன்று நம் கையில் இருப்பது காஸின் பயணம். அவர் பேச்சு இல்லை. இதற்கு நேர்மாறாக, 1953இல் மினசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகரில் ஒரு வீட்டுப் பரண்மீது பழைய மேசை ஒன்றிலிருந்து 67 தாள்கள் வெளிவந்தன. பல அளவுத் துண்டுத் தாள்களில் கிளார்க் அவசரமாக எழுதிய முதற்குறிப்புகள் அவை. மத்திய அரசு அவற்றுக்கு உரிமை கோரி வழக்காடித் தோற்றது. இப்போது அவை யேல் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. அந்த வீட்டார் அன்று பரணை ஒழிக்கிற வேகத்தில் துண்டுக் காகிதம்தானே என்று நினைத்திருந்தால் கதை அத்துடன் முடிந்திருக்கும்.

இனி என் பணிமேசைக்கு வருகிறேன். பழைய ஏட்டைச் செப்பனிட நினைப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது மையைப் பற்றி. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாகவும், காலனியக் காலத்தில் இங்கே அலுவலகங்களிலும் பரவலாகப் பயன்பட்ட கறுப்பு மை, மாசிக்காயின் துவர்ப்புச் சாற்றில் அன்னபேதி என்ற இரும்பு உப்பைக் கலந்து, பிசின் சேர்த்துச் செய்தது. நாட்டு மருந்துக் கடையில் இரண்டு பொருளும் இன்றும் கிடைக்கும். மாசிக்காய் கிடைக்காத இடத்தில் கடுக்காய் அந்த வேலையைச் செய்யும். எழுதும்போது வெளிறித் தோன்றி, காற்றுப் பட்டுக் கறுத்து, காகிதத்துக்குள்ளேயே பிடித்துக்கொள்கிற மை என்பதால் அதற்கு அவ்வளவு மதிப்பு. ஆனால் அன்னபேதி அளவுக்கு மிஞ்சிவிட்டால், துவர்ப்பு பிணைத்துக்கொண்டது போக எஞ்சிய இரும்பு சும்மா இருப்பதில்லை. அது காகித நாரை ஆக்சிஜனேற்றத்துக்கு உள்ளாக்குகிறது. மையிலுள்ள அமிலமும் சேர்ந்து நாரை அறுக்கிறது. எழுத்தைச் சுற்றிப் பழுப்பு வளையம் படர்ந்து, பின்பக்கத்தில் எழுத்தின் நிழல் தெரிந்து, கடைசியில் எழுத்து இருந்த இடத்தில் எழுத்து வடிவிலேயே ஓட்டை விழுகிறது.

இந்த மைக்கு ஈரம் ஆகாது. நனைந்த துணியால் அழுக்கைத் துடைத்தால், தேவையற்ற இரும்பு எழுத்திலிருந்து நகர்ந்து வெற்றுக் காகிதத்துக்கும் பரவும்; இன்று சுத்தமாகத் தெரிகிற பக்கம் சில ஆண்டுகளில் முன்னைவிடப் பரவலாகப் பழுக்கும். எஞ்சிய இரும்பு இருக்கிறதா என்று பார்க்க எங்களிடம் ஒரு சோதனைத் தாள் உண்டு; ஈரப்படுத்தி எழுத்தின்மேல் ஒரு கணம் வைத்தால், இருந்தால் இளஞ்சிவப்பாக மாறும். நெதர்லாந்தில் 1990களில் உருவான சிகிச்சை ஒன்று, தானியங்களின் தவிட்டில் இயல்பாக உள்ள ஃபைட்டேட் என்ற பொருளைக் கொண்டு அந்த இரும்பைக் கட்டிப்போட்டு, கால்சியம் உப்பால் அமிலத்தை ஆற்றுகிறது. நல்ல முறைதான், ஆனால் பயிற்சி பெற்ற கை வேண்டும். வீட்டில் முயல்வதற்கு அன்று. பென்சிலால் எழுதிய ஏடுகளுக்கு இந்தத் தொல்லை கிடையாது. தென்துருவம் போய்த் திரும்பும் வழியில் 1912இல் உறைந்து இறந்த ராபர்ட் ஸ்காட்டின் கடைசி நாட்குறிப்பு பென்சிலில் எழுதியது; பிரிட்டிஷ் நூலகத்தில் இன்றும் தெளிவாக இருக்கிறது. பென்சிலுக்குப் பகை அழிப்பானும் ஓயாத உராய்வும் மட்டுமே.

காகிதத்தைப் பற்றி ஒரு விநோதம். 200 ஆண்டுக்கு முந்திய ஏடு பல வேளைகளில் 90 ஆண்டு ஏட்டைவிட வலுவாக இருக்கும். அன்றைய காகிதம் கந்தைத் துணி நாரால் ஆனது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து மரக்கூழும் படிகாரப் பூச்சும் வந்து, காகிதம் தனக்குள்ளேயே அமிலத்தைச் சுமக்கத் தொடங்கியது. ஆகவே, தாத்தாவின் 1930ஆம் ஆண்டு நோட்டு அவ்வளவு பழையது இல்லையே என்று அலட்சியமாக இருந்துவிட வேண்டாம்.

லேமினேஷன் விஷயத்தில் எங்கள் தொழிலுக்கும் குற்றவுணர்வு உண்டு. நாங்களே செல்லுலோஸ் அசிட்டேட் தாளைக் காகிதத்தின் இருபுறமும் ஒட்டுவதை ஒரு காலத்தில் நல்ல வைத்தியமாகக் கருதினோம். சூட்டாலும் அழுத்தத்தாலும் ஒட்டும் முறை அமெரிக்காவில் 1930களில் பரவியது; இயந்திரம் இல்லாமல் அசிட்டோனைக் கொண்டு கையாலேயே ஒட்டும் முறை 1950களில் நம் தேசிய ஆவணக் காப்பகத்தில் உருவானது. அந்த அசிட்டேட் முதுமையடையும்போது காடி வாசம் வீசும், அதாவது அமிலம் கக்கும். இப்போது அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுப்பது எங்கள் வேலைகளில் ஒன்று. கடைத்தெரு லேமினேஷனில் அந்த வழியும் இல்லை. சூட்டில் உருகிய பிளாஸ்டிக் நாருக்குள் இறங்கிவிட்டால் அதைத் திரும்ப எடுக்க முடியாது. செலோடேப்பின் பசை மஞ்சளாகிக் கசிந்து காகிதத்தை எண்ணெய்த் தாள்போல் ஆக்கும், ஆயினும் கரைப்பான் கொண்டு ஓரளவு மீட்கலாம்.

ஓலைச்சுவடிக்குச் செய்வதைக் காகிதத்துக்குச் செய்வது மற்றொரு தவறு. எலுமிச்சைப்புல் எண்ணெய் ஓலைக்கு நல்லது என்று எங்கோ கேட்டு, ஒரு கணக்கு நோட்டு முழுக்க அதைப் பூசிக் கொண்டுவந்தார் ஒரு பெரியவர். ஓலை எண்ணெயால் நெகிழும். காகிதம் எண்ணெயைக் குடித்துக் கறுக்கும். வசம்பைச் சிறு துணியில் முடிந்து பெட்டியின் மூலையில் போடலாம், ஏட்டைத் தொடக் கூடாது. ஏட்டைச் சுற்றும் வெள்ளைப் பருத்தித் துணி பலமுறை துவைத்ததாக, கஞ்சி போடாததாக இருக்கட்டும். கஞ்சி என்பது ராமபாணப் பூச்சிக்கு நாம் வைக்கிற விருந்து. பாலிதீன் பை கடலோர ஊர்களில் ஈரத்தை உள்ளே அடைத்துப் பூஞ்சை வளர்க்கும். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் நனைந்த ஏடுகளைப் பலர் வெயிலில் விரித்துச் சுருள வைத்தார்கள்; பிரிக்காமல் உறையிட்டு ஃப்ரீசரில் வைத்திருந்தால் பூஞ்சையை நிறுத்தி, ஆள் தேடுவதற்கு அவகாசம் கிடைத்திருக்கும்.

வீட்டார் தாராளமாகச் செய்யக்கூடியது படமெடுப்பது. கையைக் கழுவி நன்றாக உலர்த்திக்கொண்டு, ஏட்டை முழுக்கப் பிளக்காமல் இருபுறமும் துணிச்சுருள் தாங்கும்படி வைத்து, ஃப்ளாஷ் இல்லாமல், சன்னல் வெளிச்சத்தில் எடுங்கள். அட்டை, முதுகு, இடையில் செருகியுள்ள டிக்கெட், வெற்றுப் பக்கம் எல்லாவற்றையும், இருக்கிற வரிசையிலேயே எடுக்க வேண்டும். யார் எழுதியது, யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பதைத் தனித் தாளில் எழுதி வையுங்கள். ஏட்டின்மேல் எழுத வேண்டாம். சென்னையின் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், இலங்கைத் தமிழர் ஆவணங்களைத் திரட்டும் 'நூலகம்' என்ற நிறுவனம் போன்ற இடங்களில் இதைப் பற்றிக் கேட்கலாம்.

வெற்றுப் பக்கத்தை ஏன் சொல்கிறேன் என்றால், சில மாதங்களுக்கு முன் ஒரு குடும்பம் தங்கள் பாட்டனார் பர்மாவிலிருந்து எழுதிய குறிப்பேட்டைக் கொண்டுவந்து, கடைசியில் எழுதாமல் விட்ட தாள்களை வெட்டியெடுத்துவிட்டுச் சிறிதாகத் தைத்துத் தரச் சொன்னது. அவற்றுக்கு முன்னால் ஒரு தாள் என்றோ கிழிக்கப்பட்டு, தைப்பில் அதன் விளிம்பு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சை மேசையோடு மேசையாகச் சாய்த்துப் பிடித்தோம். முதல் வெற்றுத் தாளில், காணாமற்போன அந்தப் பக்கத்தில் பென்சில் அழுந்திய தடம் எழும்பியது. எல்லாவற்றையும் படிக்க முடியவில்லை. "படகுக் கூலி" என்ற சொற்களும், அதற்கு நேரே ஒரு தொகையும், அதன்கீழ் இரண்டு பேர் பெயரும் தெரிந்தன. அந்த இரண்டாவது பெயர் யாருடையது என்று வந்திருந்தவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.