களப்புக் கரையில் வீடு தேடும் சிப்பி

முல்லைத்தீவில் விஞ்ஞானம் படிப்பிக்கும் ஆசிரியை ஒருவர் கேட்டிருந்தார்: "வெளிநாடுகளில சிப்பியை வளர்த்துக் கடலரிப்பைத் தடுக்கினமாம். எங்கட கரைக்கு அது சரிவருமா சேர்?"

சிப்பி என்றதும் வன்னியில் பலருக்கு மன்னார் முத்துதான் நினைவுக்கு வரும். முத்துக்குளிப்பைக் கவனிக்கவென ஆளுநர் பிரெடெரிக் நோர்த் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரிப்புக் கிராமத்தில் கட்டிய மாளிகை, காலடி மண்ணைக் கடல் தின்னத் தின்ன இடிந்து விழுந்துகொண்டிருக்கிறது. முத்துச்சிப்பியிடம் கரைகாக்கும் வேலையை எதிர்பார்க்க முடியாது. அது நூல் போன்ற இழைகளால் பற்றி நிற்பது. வேண்டுமானால் இழையை விட்டுவிட்டு இடம் மாறும். நமக்கு வேண்டியது கண்டல் வேரிலும் பாலத்தின் தூணிலும் ஒட்டிக்கொண்டு, வலை வீசப் போகிறவரின் காலைக் கிழிக்கும் சிப்பி. அது ஒட்டினால் ஒட்டினதுதான்.

அலை விடயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அலையின் சக்தி அதன் உயரத்தின் வர்க்கத்துக்கு விகிதசமன். உயரத்தைப் பாதியாக்கினால் சக்தி காற்பங்காகிவிடும். கரைக்குச் சற்று முன்னால் கரடுமுரடான ஒரு திட்டு இருந்தால் அலை அதன்மேல் உடைந்தும் உராய்ந்தும் களைத்துப் போகும். அப்பால் தண்ணீர் அமைதியடைய, அதில் மிதந்து வந்த மண் படியும். கருங்கல்லைக் கொட்டினாலும் இது நடக்கும். ஆனால் கல் வளராது. சிப்பித் திட்டு வளரும். எப்படி வளர்கிறது என்பதுதான் என்னை மயக்குகிற கதை.

வளர்ந்த சிப்பிகள் முட்டையையும் விந்தையும் தண்ணீரிலேயே விடுகின்றன. பிறக்கும் குடம்பி இரண்டு மூன்று வாரம் நீரோடு அலைகிறது. முடிவில் அதன் அளவு ஒரு மில்லிமீற்றரின் மூன்றிலொரு பங்குதான். அப்போது அதற்குக் கண்பொட்டுகளும் ஒரு குட்டிப் பாதமும் முளைக்கின்றன. அடியில் இறங்கி, அந்தப் பாதத்தால் ஊர்ந்து இடம் பார்க்கத் தொடங்குகிறது.

காணி வாங்கப் போகிறவர் முதலில் பக்கத்து வளவுக் கிணற்றுத் தண்ணீரை அள்ளிக் குடித்துப் பார்ப்பாரே, அப்படித்தான். வளர்ந்த சிப்பிகள் தண்ணீரில் விடும் இரசாயனங்களைக் குடம்பி உணர்கிறது. மேற்பரப்பில் படர்ந்த பற்றீரியாப் படலத்தையும் உணர்கிறது. பிடிக்காவிட்டால் எழும்பி நீந்திப் போய் வேறிடம் தேடும். பிடித்துவிட்டால் ஒரு துளிப் பசையை விட்டு, இடது ஓட்டை அதில் பதித்துக்கொள்ளும். பிறகு பாதமும் கண்ணும் கரைந்து மறைந்துவிடும். இனிச் சாகும்வரை அதே இடம்.

அந்தப் பசையை அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தினர் 2010இல் ஆராய்ந்தார்கள். மற்றக் கடலுயிர்கள் பலவற்றின் பசை பெரும்பாலும் புரதம். சிப்பியின் பசையோ பெரும்பாலும் கல்சியம் காபனேற்று. ஓட்டில் உள்ளதைவிடக் கூடுதலான புரதம் கலந்தது. சீமெந்தென்றே சொல்லலாம். ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, செத்தவற்றின் ஓடு அடுத்த தலைமுறையின் அத்திவாரமாகிறது. ஓடுகளையெல்லாம் அள்ளிச் சுண்ணாம்புச் சூளைக்கு அனுப்பினால், வரும் குடம்பிகளுக்கு இறங்க இடமிராது.

வங்காளதேசத்தின் குதுப்தியா தீவில், நம்மைப் போலவே பருவக்காற்று அடிக்கும் கரையில், சீமெந்து வளையங்களை இறக்கிப் பார்த்தார்கள். சிப்பிகள் தாமாக வந்து ஒட்டின. வளையங்களுக்குப் பின்னால் சேறு படிந்தது, உப்புப்புல் கடற்பக்கமாகப் பரவியது. முடிவுகள் 2019இல் வெளியாகின.

இனி ரீச்சரின் கேள்வி. முல்லைத்தீவின் திறந்த மணற்கரையில், மாரியில் கடல் கொந்தளிக்கும் இடத்தில், இது சரிவராது என்பதே என் எண்ணம். அந்த மணலில் குடம்பிக்குப் பிடிமானம் இல்லை. பெரிய அலையில் திட்டு புதைந்துவிடும். புயலில் கடல்மட்டம் உயர்ந்தால் அலை திட்டைக் கடந்து போகும். நம் கடலில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீற்றரைக்கூடத் தொடாது, ஆகவே திட்டும் அதிக உயரம் எழும்பாது.

களப்புகளின் உட்கரை வேறு விடயம். நாயாறு, கொக்கிளாய்க் கரைகளை அரிப்பது சிற்றலை. அங்கே முயலலாம். ஆனால் மாரி வெள்ளம் இறங்கும்போது களப்பு நன்னீராகிவிடும். சிப்பி தன் ஓடுகளை இறுக மூடிக்கொண்டு சில நாள் தாங்கும். முகத்துவாரம் அடைபட்டு நன்னீர் வாரக்கணக்கில் தேங்கினால் செத்துப்போகும். நந்திக்கடலில் இந்த ஆபத்தை முதலில் எண்ண வேண்டும்.

கரையில் கல் அணை கட்டக் கோடிக்கணக்கில் ஒதுக்குவதற்கு முன், அதில் ஒரு துளியையாவது இப்படியான சோதனைக்குக் கொடுக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். எங்கள் களப்புகளின் உப்புத்தன்மையை மாதாமாதம் அளக்க ஒரு பட்டதாரியின் சம்பளமும் ஒரு தோணியும் போதும்.

அதுவரை ரீச்சர், பிள்ளைகளோடு இதைச் செய்து பாருங்கள். பழைய சிப்பி ஓடுகளில் துளையிட்டு ஒரு கயிற்றில் கோத்து, பங்குனியில் நாயாற்றுப் பாலத்தடியில் தொங்கவிடுங்கள். வைகாசியில் அவிழ்த்து ஓடுகளின் உட்பக்கத்தைப் பாருங்கள். நகத்தளவில் புதுச் சிப்பிகள் ஒட்டியிருந்தால் எண்ணி எழுதுங்கள். அன்றைய தண்ணீரின் உப்பையும், முகத்துவாரம் திறந்திருந்ததா என்பதையும் பக்கத்தில் குறித்து எனக்கு அனுப்புங்கள்.