சூட் என்றால் புகைக்கரி

டீசல் வண்டியில் ஆயில் குச்சியை உருவித் துடைத்தால் துணியில் அப்பிக்கொள்ளும் கருப்புதான் 'சூட்'. கோட்டு சூட்டும் இல்லை, சூடும் இல்லை. 'உட்கார்' என்று பொருள்படும் பழைய வேரிலிருந்து வந்த ஆங்கிலச் சொல்: படிந்து உட்கார்ந்தது. தமிழில் 'கார்பன் தூசி' என்று சிலர் எழுதுகிறார்கள். தூசி வெளியிலிருந்து வருவது. இதுவோ எரிபொருள் அரைகுறையாக எரிவதால் உள்ளேயே பிறப்பது. 'புகைக்கரி' என்பதே சரி.

வேடிக்கை என்னவென்றால், எஞ்சின் ஆயிலுக்குள் இது உட்காரவே கூடாது. ஒரு துகள் 20 முதல் 50 நானோமீட்டர்தான். ஆயில் ஃபில்டரில் சிக்காது. துகளோடு துகள் ஒட்டாமல் மிதக்கவைப்பது ஆயிலிலேயே கலந்துள்ள டிஸ்பர்சன்ட். (மாற்றிய கொஞ்ச நாளில் ஆயில் கருத்தால் பதற வேண்டாம், அது வேலை செய்கிறது.) அதன் சக்தி தீர்ந்ததும் கரி கொத்துக் கொத்தாகச் சேர்ந்து ஆயில் கெட்டியாகும். விளக்குக் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து மை கூட்டியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

தேய்மானம் தொடங்குவது வால்வுகளை இயக்கும் கேம், ராக்கர், டைமிங் செயின் போன்ற இடங்களில். அங்கே ஆயில் படலம் மிக மெல்லியது. ஆயிலில் உள்ள துத்தநாகச் சேர்மம் ஒன்று உலோகத்தின் மேல் போட்டுவைக்கும் காப்புப் பூச்சைக் கரி சுரண்டிவிடுகிறது. பூச்சு மறுபடி படிவதற்குள் மறுபடி சுரண்டல். சிலிண்டருக்குள் நேரடியாகப் பெட்ரோல் பீய்ச்சும் எஞ்சின்களுக்கும் இந்தத் தொல்லை உண்டு. 2020-ல் வந்த ஐஎல்எஸ்ஏசி ஜிஎஃப்-6 ஆயில் தரத்தில் செயின் தேய்மானத்துக்கென்றே ஒரு சோதனையைச் சேர்த்தார்கள்.

கூடவே அடிபடும் சொல் 'டைல்யூஷன்': எரிபொருள் கலந்து ஆயில் நீர்ப்பது. இலத்தீனில் கழுவிக் கரைப்பது. நம் மெக்கானிக் "ஆயில் நீர்த்துப்போச்சு" என்பார். ஒரு சொட்டுத் தண்ணீர் கலக்காவிட்டாலும் பொருத்தமான சொல். இலத்தீனும் பொய் சொல்லவில்லை: சிலிண்டர் சுவரிலுள்ள படலத்தை எரிபொருள் கழுவத்தான் செய்கிறது. பிஎஸ்-6 டீசல் கார்கள் பலவற்றில், சைலன்சர் பக்கமுள்ள கரி வடிகட்டியை எரித்துச் சுத்தம் செய்யக் கூடுதலாக டீசல் பீய்ச்சப்படும். அதில் கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே ஆயிலுக்குள் இறங்கும். பெட்ரோலைப் போல அது எளிதில் ஆவியாகிப் போய்விடாது. குச்சியில் ஆயில் மட்டம் ஏறினால் சந்தோஷப்பட ஒன்றுமில்லை.

கரி ஆயிலைக் கெட்டியாக்கும், டீசல் நீர்க்கவைக்கும். இரண்டும் சேர்ந்துகொண்டால், ஆயில் எவ்வளவு கெட்டி என்று பார்க்கும் பாகுநிலைச் சோதனையில் எண் ஒழுங்காகவே வரக்கூடும். உள்ளே உலோகம் தேய்ந்துகொண்டிருக்கும். ஆயிலைச் சோதனைக்கு அனுப்புகிறவர்கள் கரி எவ்வளவு, எரிபொருள் எவ்வளவு என்று தனித்தனியே கேட்டு வாங்குவது அதனால்தான்.