இடர்க்கூறு: ‘ஆபத்துக் காரணி’ ஏன் வேண்டாம்

கண் நோய்களைப் பற்றித் தமிழில் வருகிற எந்தத் துண்டறிக்கையை எடுத்தாலும் ‘மரபணு ஆபத்துக் காரணிகள்’ என்றொரு துணைத்தலைப்பு கண்ணில் படுகிறது. அண்மையில் முதுமையில் வரும் மாகுலா சிதைவைப் (விழித்திரையின் நடுப்பகுதி சிதைந்து பார்வை கெடுகிற நோய்) பற்றிய ஒரு குறிப்பில் ‘சிஎஃப்ஹெச் மரபணு இந்நோய்க்கு முக்கியக் காரணி’ என்று அச்சடித்திருந்தார்கள். என் சித்தியின் அம்மாவுக்கு இந்த நோய் இருந்தது. அதைப் படித்துவிட்டு சித்தி கேட்டார்: “காரணின்னு போட்டிருக்கே, அப்போ எனக்கும் வந்தே தீருமா?” அந்தத் தமிழைப் படிக்கிற யாருக்கும் அந்தக் கேள்விதான் வரும். சொல்லைத் தேர்ந்தவர்தான் இதற்குப் பொறுப்பு.

‘ஆபத்துக் காரணி’ என்பது ஆங்கில ‘ரிஸ்க் ஃபேக்டர்’ என்பதன் மொழிபெயர்ப்பு. முதலில் அந்தச் சொல் வந்த வழி. ஆங்கில ‘ரிஸ்க்’ இத்தாலியத்திலிருந்து பிரெஞ்சு வழியாக 17ஆம் நூற்றாண்டில் வந்தது, கடல் வணிகமும் காப்பீடும் புழங்கிய இடத்துச் சொல். ‘ஃபேக்டர்’ லத்தீன், ‘செய்பவன்’ என்று பொருள். இரண்டையும் மருத்துவத்தில் சேர்த்துப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் இதய ஆய்வு. 1948இல் தொடங்கிய அந்த ஆய்வின் 1961 கட்டுரைத் தலைப்பிலேயே ‘ஃபேக்டர்ஸ் ஆஃப் ரிஸ்க்’ என்று இருக்கிறது. உயர் ரத்த அழுத்தமும் மிகுந்த கொலஸ்டிராலும் உள்ளவர்களுக்கு மாரடைப்பு கூடுதலாக வருகிறது என்று கண்டார்கள். ஆனால் இன்னாருக்கு வந்தே தீரும் என்று சொல்ல முடியவில்லை. அந்த நடுநிலையைச் சொல்லத்தான் தனியாக ஒரு பெயர் தேவைப்பட்டது. ‘மாகுலா’வுக்கு லத்தீனில் புள்ளி, கறை என்று பொருள். விழித்திரையின் நடுவில், எழுத்துப் படிக்கவும் முகம் பார்க்கவும் உதவுகிற சிறு பகுதி அது. வரலாறு இவ்வளவு போதும்.

இப்போது ‘காரணி’. இது எங்கிருந்து வந்தது என்று நமக்கெல்லாம் தெரியும், கணக்குப் புத்தகத்திலிருந்து. 12இன் காரணிகள் 1, 2, 3, 4, 6, 12. மீப்பெரு பொதுக் காரணி, காரணிப்படுத்துதல் எல்லாம் பள்ளியில் படித்ததுதான். அங்கே அந்தச் சொல் நன்றாக வேலை செய்கிறது, ஒரு குறையும் இல்லை. ஆனால் ஆங்கிலத்தில் ‘ஃபேக்டர்’ என்று எதிர்ப்பட்ட இடத்திலெல்லாம் அகராதியைப் பார்த்து ‘காரணி’ என்று போட்டுக்கொண்டே போவது மொழிபெயர்ப்பு ஆகாது. கணக்கைவிட்டு வெளியே வந்தவுடன் தமிழ்க் காதுக்குக் ‘காரணி’ என்பது ‘காரணமானது’ என்றுதான் விழும். விகுதி மாறியதால் பொருள் மாறிவிட்டது என்று படிப்பவருக்கு யார் போய்ச் சொல்வது?

சிஎஃப்ஹெச் மரபணு உண்மையில் என்ன செய்கிறது என்று பார்த்தால் இந்தச் சொல் எவ்வளவு தப்பு என்று விளங்கும். நம் ரத்தத்தில் ‘காம்ப்ளிமென்ட்’ என்றொரு புரதக் கூட்டம் இருக்கிறது. கிருமிகளைத் தாக்குவது அதன் வேலை. அது நம் சொந்த உயிரணுக்கள் மீதே பாய்ந்துவிடாமல் கட்டுக்குள் வைக்கிற புரதங்களில் ஒன்று ‘காம்ப்ளிமென்ட் ஃபேக்டர் ஹெச்’. அதை உண்டாக்கும் மரபணுதான் சிஎஃப்ஹெச். அந்தப் புரதத்தின் 402ஆம் இடத்தில் சிலருக்கு டைரோசின் என்ற அமினோ அமிலம் இருக்கும், சிலருக்கு ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் இருக்கும். ஹிஸ்டிடின் வகை உள்ளவர்களுக்கு மாகுலா சிதைவு கூடுதலாக வருகிறது என்று 2005இல் மூன்று ஆய்வுக் குழுக்கள் ஒரே நேரத்தில் ‘சயின்ஸ்’ இதழில் எழுதின. அவற்றில் ஒன்று 96 நோயாளிகளையும் 50 நலமானவர்களையும் மட்டுமே வைத்துக் கண்டுபிடித்தது. ஐரோப்பிய வம்சாவளியினரிடையே இந்த வகை ஒரு படி (ஒவ்வொரு மரபணுவும் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரு படிகளாக நம்மிடம் இருக்கிறது) இருந்தால் நோய் வரும் அளவு ஏறத்தாழ இரண்டரை மடங்கு, இரு படிகளும் இருந்தால் ஏறத்தாழ ஆறு மடங்கு. கேட்கப் பெரிதாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே ஐரோப்பியரில் பாதிப் பேருக்கு மேல் குறைந்தது ஒரு படியாவது இந்த வகையைச் சுமக்கிறார்கள், அவர்களில் பெரும்பாலோர் கடைசிவரை பேப்பர் படித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். இது ஒரு வட்டாரமே வைத்திருக்கிற சாதாரண வேறுபாடு. இதைக் ‘காரணி’ என்பதே அதிகம், சிலர் இன்னும் மேலே போய்ப் ‘பழுதான மரபணு’ என்று வேறு எழுதுகிறார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. அந்தப் புரதத்தின் பெயரிலேயே ‘ஃபேக்டர்’ இருக்கிறது. ஆக, ‘காரணி ஹெச் மரபணுவின் மாற்றம் ஓர் ஆபத்துக் காரணி’ என்று ஒரே வரியில் இரண்டு காரணிகள் வந்துவிடுகின்றன, இரண்டுக்கும் பொருள் வேறு. முதலாவது ஒரு வேலையைச் செய்கிற புரதம், ரத்தம் உறைவதற்கான காரணி எட்டு மாதிரி. அங்கே ‘காரணி’ இருக்கட்டும், அது நிஜமாகவே எதையோ செய்கிறது. இரண்டாவது ஒரு கணிப்பு மட்டும். இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்துவிட்டு வாசகர் தாமே பிரித்துக்கொள்ள வேண்டும் என்றால் எப்படி?

அடுத்து ‘ஆபத்து’. வடசொல் என்பதால் நான் இதை ஒதுக்கவில்லை. தனித்தமிழ்ப் பற்று எனக்கும் உண்டு, ஆனால் இங்கே பிரச்சினை பொருள்தான். தமிழில் ஆபத்து என்றால் அது இப்போதே தலைக்கு மேல் நிற்பது. ‘ஆபத்தான நிலையில் மருத்துவமனையில் அனுமதி’ என்கிறோம். ‘ஆபத்துக்குப் பாவமில்லை’ என்ற பழமொழியில் வருவதும் கைமீறிப் போகிற நேரம்தான். ‘அபாயக் காரணி’ என்று மாற்றினாலும் கதை அதேதான், ரயிலில் அபாயச் சங்கிலியும் மின்கம்பத்தில் மண்டையோட்டுப் படமும்தான் நினைவுக்கு வரும். முப்பது வருடம் கழித்து வரலாம், வராமலும் போகலாம் என்பதற்கு இந்தச் சொல் ஒத்துவராது.

‘வாய்ப்பு’ என்று எழுதுகிறவர்கள் உண்டு, ‘பார்வை இழக்கும் வாய்ப்பு’ என்று. படிக்கவே மனம் ஒப்பவில்லை. வேலைவாய்ப்பு, நல்வாய்ப்பு என்று தேடிப்போகிற ஒன்றுக்கு உள்ள சொல்லைப் பார்வை போவதற்குக் கொடுக்கலாமா? பேச்சில் ‘சான்ஸ் இருக்கு’ என்று சொன்னால்கூடப் பரவாயில்லை.

என் பரிந்துரை ‘இடர்க்கூறு’. இடர் பழைய சொல், தேவாரத்தில் சம்பந்தர் ‘இடரினும் தளரினும்’ என்று பாடியது. அங்கே அது துன்பத்தையே குறிக்கிறது, துன்பம் வரக்கூடும் என்பதை இல்லையே என்று ஒரு நண்பர் மறுத்தார். நியாயமான மறுப்புதான். ஆனாலும் வங்கி, காப்பீட்டுத் தமிழில் ‘ரிஸ்க்’ என்பதற்கு ‘இடர்’ ஊன்றிவிட்டது. இலங்கையில் மத்திய வங்கி அறிக்கைகளில் ‘இடர்நேர்வு’ என்றே எழுதுகிறார்கள். நேரக்கூடியது என்ற குறிப்பு அதிலேயே இருப்பதால் எனக்கு அந்தச் சொல்மேல் மரியாதை அதிகம். யாராவது ‘இடர்நேர்வுக் கூறு’ என்று எழுதினால் மறுக்க மாட்டேன், கொஞ்சம் நீளம், அவ்வளவுதான்.

‘கூறு’ ஏன் என்றால், நோய் வருவது பல பங்குகள் சேர்ந்துதான். சந்தையில் தக்காளியைக் கூறு கட்டி வைத்திருப்பார்களே, அப்படி. வயது ஒரு கூறு, அதுவே பெரியது. புகைபிடிப்பது ஒரு கூறு. சிஎஃப்ஹெச் ஒன்று, 10ஆம் குரோமோசோமில் உள்ள ஏஆர்எம்எஸ்2, ஹெச்டிஆர்ஏ1 பகுதி இன்னொன்று. 2016இல் வந்த பெரிய ஆய்வு 34 மரபணு இடங்களில் 52 வேறுபாடுகளை எண்ணிக் காட்டியது. அதில் எந்த ஒன்றையும் தனியாக எடுத்துக் ‘காரணம் நீதான்’ என்று விரல் நீட்ட முடியாது. நம் கையில் இருக்கிற கூறு புகையிலை, அதை விட்டுவிடலாம். ஆனால் ‘மரபணுவே காரணி’ என்று படித்தவர் எதற்காக விடப்போகிறார்?

மருத்துவமனையில் எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் ‘இடர்க்கூறு’ என்று சொல்ல வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. ‘இந்த வகை மரபணு, நோய்க்கு இடங்கொடுக்கும், ஆனா வந்தே தீரும்னு இல்ல’ என்றால் முடிந்தது. ‘ஏதுவான’ என்ற நல்ல சொல்லும் இருக்கிறது. மொழிபெயர்ப்பவர்கள் ஏன் இந்தப் பக்கமே வருவதில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை. ஆங்கில வரியைச் சொல் சொல்லாகத் தமிழில் மாற்றி வைத்துவிட்டு, நோயாளி அதைப் படித்து என்ன நினைப்பார் என்று ஒரு நிமிடம் யோசிக்காமல் அச்சுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

இதில் இன்னொரு கலப்படமும் நடக்கிறது. மாகுலா சிதைவையும் விழித்திரையின் ஒளியுணர் செல்கள் சிதைகிற ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசாவையும் சேர்த்து ‘பரம்பரைக் கண் நோய்கள்’ என்று ஒரே பட்டியலில் போடுகிறார்கள். பிந்தையது வேறு. அதில் ஒரு குடும்பத்தில் பெரும்பாலும் ஒரே மரபணுவின் பிழைதான் நோயைக் கொண்டுவருகிறது. 1990இல், ஒளியை உணரும் ரோடாப்சின் புரதத்தின் மரபணுவில் முதல் பிழை கண்டறியப்பட்டது, இன்று அப்படிப்பட்ட மரபணுக்கள் பல டஜன். பெற்றோர் இருவரிடமிருந்தும் பிழையான படி வந்தால்தான் நோய் என்ற வகைகள் இதில் நிறைய. அதனால் தாய்மாமனையும் அத்தை மகனையும் கட்டுகிற வழக்கம் உள்ள நம் ஊர்களுக்கு இது நேரடியாகத் தொடர்புடைய செய்தி. அங்கே ‘காரண மரபணு’ என்று தயங்காமல் எழுத வேண்டும், ‘இடர்க்கூறு’ என்று மழுப்பக் கூடாது. அந்த நோய்க்கு ‘விழித்திரை நிறமி அழற்சி’ என்று பெயர் வைத்திருப்பதும் தவறுதான். ஆங்கிலப் பெயரில் ‘-ஐட்டிஸ்’ இருக்கிறது என்று ‘அழற்சி’ போட்டுவிட்டார்கள், ஆனால் அதன் அடிப்படை அழற்சி இல்லை, ஒளியுணர் செல்கள் ஒவ்வொன்றாகச் சிதைவது. ‘நிறமி விழித்திரைச் சிதைவு’ என்றால் சரியாக இருக்கும்.